சிவப்புத் தகர வில்லை

யுத்தகாலத்தில் நான் ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில், ரீலிங் பகுதியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கொட்டகை போட்டிருந்த ஒரு சங்கீத நாடகக் கம்பெனி, ஷிப்டு விடும் நேரம் பார்த்து எங்கள் மில் வாசலுக்கு மேளத்தோடு வண்டி அனுப்பும். வழக்கமாக நோட்டீஸ்தான் வீசுவார்கள். அந்த வருஷம் புதிதாக ஆளுக்கொரு தகர வில்லை கொடுத்தார்கள். ரூபாய்க் காசு அகலம், சிவப்புப் பூச்சு, நடுவில் ஆர்மோனியப் படம், பின்னால் குத்திக்கொள்ள ஊசி.

ஆண்கள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு மைனர் மாதிரித் திரிந்தார்கள். எங்களுக்கு அந்த ஊசிதான் பெரிது. முந்தானை மிஷினில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். அப்போது ஊக்கு கிடைப்பதோ குதிரைக்கொம்பு. எங்கள் வரிசையில் பத்துப் பெண்களும் முந்தானையைத் தோளில் வில்லையால் குத்திக்கொண்டோம். பஞ்சும் எண்ணெயும் பட்டு நாலே நாளில் ஆர்மோனியம் அழிந்து சிவப்பு மட்டும் மிஞ்சியது.

புதிதாக வந்திருந்த மேனேஜர் கண்ணில் அது பட்டது. செங்கொடித் தொழிற்சங்கம் உள்ளே புகுந்துவிட்டது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். மிஷின்களை நிறுத்தச் சொல்லி, பத்துப் பேரும் நாளை முதல் வர வேண்டாம் என்றார். இது நாடகக்காரர்கள் கொடுத்தது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். முந்திரிக்கொட்டைத்தனம் எனக்குப் பிறவிக்குணம்.

"அப்படியா? அந்த நாடகத்துல என்ன பாடுனாங்க? பாடு, கேட்போம்."

வில்லை வாசலில் நின்ற எல்லோருக்கும் கிடைத்தது. பாட்டு, நாடகத்துக்குப் போனவளுக்குத்தான் தெரியும். பத்துப் பேரில் போனவள் நான் ஒருத்தி. என் அப்பா தேவாலயத்தில் உபதேசியார். நாடகக் கொட்டகை பிசாசின் கூடாரம் என்று பிரசங்கம் செய்கிறவர். அக்காளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன்.

பக்கத்து மிஷின்காரி என் கையைக் கிள்ளினாள். "ஏட்டி, தெரிஞ்சா பாடிரு. எங்க வயித்துல அடிச்சிராத."

பாடினேன். ராஜகுமாரி தோழியிடம் தன் காதலைச் சொல்லும் பாட்டு. பயத்தோடுதான் ஆரம்பித்தேன். இரண்டாவது அடியில் எனக்கே பிடித்துப்போய், சங்கதியெல்லாம் போட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டார். மறுபடி மிஷின்கள் ஓடின.

சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா அடிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பேசினார். "ஞாயித்துக்கெழம பாட்டுக்காரப் பிள்ளைக வரிசையில நீ நிக்க வேண்டாம்."

ஏழு வயதிலிருந்து தேவாலயத்தில் நான் நின்ற இடம் அது. மில் வேலை போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாயில் உட்கார்ந்து, முன்னே நின்ற அத்தனை பேரையும்விட உரக்கப் பாடினேன். அப்பா வேதப்புத்தகத்திலிருந்து தலை நிமிரவே இல்லை.