ஒரே சூளையில் வெந்த பத்துப் பாட்டு

பீங்கான் கம்பெனியில் கப்பைத் தட்டிப் பார்க்கிற வேலைக்குக் கையும் கண்ணும் இருந்தால் போதாது, காது வேண்டும். அந்தக் காதில் பாதியைப் பாட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

விருத்தாசலத்தில் ஒரு சின்னக் கம்பெனி. டீ கப்பும் சாசரும் செய்வோம். நான் நல்லூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். பத்தாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடம். முதல் இரண்டு வருஷம் ஈரக் கப்பை ஸ்பாஞ்சால் துடைக்கிற பெஞ்சு. பிறகு தட்டுகிற மேசைக்கு ஏற்றினார்கள். சூளையிலிருந்து வந்த கப்பைச் சின்னக் குச்சியால் தட்டினால், நல்ல கப்பு ‘ணங்’ என்னும், கீறல் விட்டது ‘டொக்’ என்னும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு ‘டொக்’ தப்பித்துப் பெட்டிக்குள் போனால் மானம் போச்சு. சிடி வந்து கேசட்டை ஓரங்கட்டத் தொடங்கியிருந்த காலம் அது.

மூடி திறக்காத டேப்பு

கம்பெனி ரேடியோ செத்துப்போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் வேப்பூரில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அங்கே ரோட்டோரம் பழைய சாமான் விற்கிறவரிடம் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார். “உன் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போ புள்ள, நல்லா பாடுது” என்றார். பாடத்தான் செய்தது. ஆனால் மூடி திறக்கவே இல்லை. உள்ளே யாரோ விட்டுப்போன கேசட்டு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே மறுபக்கம் திரும்பிப் பாடும். அதை விட்டால் வேறு கேசட்டு போட வழியில்லை.

அது இங்கிலீஷ் பாட்டு. பேர் எழுதின இடமெல்லாம் தேய்ந்து வெள்ளையாக இருந்தது. வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை, தபலா இல்லை. எல்லாமே மிஷின் சத்தம். பாடுகிறவன் பெண்டாட்டியோடு கோவித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தவன் மாதிரி பாடினான். பேக்கிங்கில் இருந்த செல்வி அக்கா வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்று கேட்டார். பிறகு சொன்னார்: “ஏண்டி சுமதி, கரண்டு மோட்டார்ல எவனோ மாட்டிக்கிட்டு கத்துறான், நீ பாட்டுன்னு ஆட்டுற தலைய!”

பாட்டுக்குள் ஒரு டொக்

முதல் வாரம் எனக்கு வந்த சோதனையைச் சொல்கிறேன். அந்தப் பாட்டில் தாளம் போடுவதும் மிஷின்தான். ஆள் அடித்தால் கொஞ்சம் முன்னே பின்னே போகும். இது பிசகவே பிசகாது. நான் குச்சியைத் தட்டுகிற அதே நொடியில் அதுவும் ‘டொக்’ என்று அடித்துத் தொலைக்கும். கப்பா, பாட்டா என்று தெரியாமல் ஒரே காலையில் பதினோரு நல்ல கப்பைக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டேன். மேனேஜர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார்.

டேப்பை நிறுத்த எனக்கு மனசில்லை. அதனால் பாட்டைப் பாடமாக்கினேன். எந்தப் பாட்டில் எங்கே ‘டொக்’ விழும், எங்கே நம் கப்பு மாதிரியே ஒரு ‘ணங்’ வரும் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். இரண்டாவது பக்கம் மூணாவது பாட்டில் எல்லாச் சத்தமும் நின்று, கீபோர்டு மட்டும் மூன்று தட்டு தட்டும். முதல் தரக் கப்பு மூன்றை வரிசையாகத் தட்டின மாதிரி இருக்கும். ஒருநாள் அது வந்தபோது மேனேஜர் என் பின்னால் நின்றிருக்கிறார். பாட்டென்று தெரியாமல், “மூணும் பாஸு, பெட்டியில வை” என்றார்.

ஒன்றாம் பாட்டிலிருந்து

வேலைக்காகப் பாடமாக்கினது, கடைசியில் என்னையே பிடித்துக்கொண்டது. ரெக்கார்டிங் கடையில் நாம் பதிவு பண்ணி வாங்குகிற கேசட்டில் பத்துப் படத்துப் பாட்டு இருக்கும். ஒன்று குத்து, ஒன்று சோகம், ஒன்று சாமி. இது அப்படி இல்லை. பத்தும் ஒரே செட்டு. ஆறு கப்பு, ஆறு சாசர் என்று எடுத்தால் ஒரே வெள்ளை, ஒரே வளைவு, ஒரே கனம் இருக்குமே, அந்த மாதிரி ஒரே சூளையில் வெந்தது. பூ ஒட்டாத வெறும் வெள்ளைக் கப்பு எவ்வளவு அழகென்று தட்டுகிற மேசைக்காரிக்குத்தான் தெரியும். அந்தக் கீபோர்டுக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது. நாலே நாலு சத்தம் வைப்பான். அது ஒலித்து முடிகிற வரைக்கும் இன்னொன்றை மேலே கொட்ட மாட்டான். அடியில் சூளை ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் சோறு ஊட்டும்போது என் மகளுக்கு நானே வாயால் பாடிக் காட்டுவேன். வார்த்தை தெரியாததால் மிஷின் சத்தத்தை மட்டும். மூணு வயசுக் கயல் அப்படியே பிடித்துக்கொண்டாள். பால்வாடி டீச்சர் என்னை பஸ் நிறுத்தத்தில் பிடித்துக் கேட்டார்: “ஏங்க, உங்க வூட்ல ஜெனரேட்டர் ஓடுதுங்களா? பாப்பா ஆனா ஆவன்னாவையே அப்படித்தான் சொல்லுது!”

திரும்பி வந்த பெட்டி

பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கடைக்காரர் மாசாமாசம் எங்களிடம் கப்பு எடுப்பார். ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே ஆறு கப்பில் கீறல். மேனேஜர் நேராக என் மேசைக்கு வந்தார். “பாட்டு கேட்டுக்கிட்டே தட்டினா இப்படித்தான். இன்னையோட டேப்பு வெளிய. நீ திரும்ப ஸ்பாஞ்சு பெஞ்சுக்குப் போ.” எல்லார் கையும் நின்றுவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணி முட்டியது. அழுதால் கப்பு தெரியாது என்று துடைத்துக்கொண்டு, ஆறையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

“சார், சூளையில விட்ட கீறல்னா அதுக்குள்ள கிளேஸ் பூச்சு கண்ணாடி மாதிரி உருகி ஓடி மழுங்கியிருக்கும். இந்த அஞ்சும் கத்தி மாதிரி வெட்டுது. வெந்தப்புறம் அடிபட்டது” என்றேன். கடைக்காரர் மெல்ல, “போன தடவை பெட்டியை பஸ்ஸு மேல போட்டாங்க” என்று ஒத்துக்கொண்டார். ஆறாவது கப்பில் கிளேஸ் ஓடியிருந்தது. அதை மறைக்க எனக்கு வரவில்லை. “இது என்னோட தப்புதான் சார். டேப்பு வந்த முதல் வாரத்துல போன பெட்டி. அப்ப எனக்குப் பாட்டு தெரியாது. இப்ப தெரியும். பாட்டு ஓடட்டும், சோதிச்சுப் பாருங்க.”

மேனேஜரும் கடைக்காரரும் நாற்பது கப்பில் ஏழு கீறல் கப்பைக் கலந்து வைத்தார்கள். செல்வி அக்காதான் டேப்பைப் போட்டார், சத்தமும் கூட்டினார். நான் கப்பைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தட்டினேன். பாட்டின் ‘டொக்’ விழுகிற இடத்தில் குச்சியை நிறுத்தி, அது போனதும் தட்டினேன். முடித்தபோது எட்டுக் கப்பைத் தள்ளி வைத்திருந்தேன். “ஏழுதாம்மா வச்சோம்” என்று மேனேஜர் சிரித்தார். எட்டாவதில் ஸ்டாம்ப் மையைத் தடவித் துடைக்கச் சொன்னேன். கைப்பிடிக்குக் கீழே மயிரிழைக்கு ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. அதோடு மேனேஜர் ஸ்பாஞ்சு பெஞ்சுப் பேச்சையும் டேப்பு வெளியே என்ற பேச்சையும் விட்டுவிட்டார்.

கடைக்காரர் கப்பை விட்டுவிட்டு டேப்பருகில் போய் நின்றார். “இது நான் காலேஜ்ல படிச்சப்ப தேய்ச்சுத் தேய்ச்சுக் கேட்ட ஆல்பம்மா! சிந்தசைசர்னு ஒரு கீபோர்டு, அதுலயே எல்லாம் பண்ணியிருப்பாங்க. நியூ வேவ்னு பேரு, புது அலைன்னு அர்த்தம்” என்றார். ஆல்பம் என்றால் எனக்குக் கல்யாண போட்டோதான் தெரியும். “செட்டுங்களா?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “செட்டுதாம்மா. ஒண்ணு குறைஞ்சாலும் விலை போகாத செட்டு.”

மூடி திறந்த நாள்

பெண்ணாடத்து மெக்கானிக் ஒருவர் கம்பெனி மோட்டாரைப் பார்க்க வந்தபோது, போகிற போக்கில் டேப்பின் மூடியையும் திறந்துவிட்டார். கேசட்டை முதல்முறையாகக் கையில் எடுத்தேன். தேய்ந்த வெள்ளையில், கப்புக்கு அடியில் நம்பர் எழுதுகிற தூரிகையால் ‘புது அலை – செட்டு’ என்று எழுதினேன். இனி எந்தப் பாட்டு வேண்டுமானாலும் போடலாம். ஆளாளுக்கு வீட்டிலிருந்து கேசட்டு கொண்டு வந்து மேசையில் குவித்துவிட்டார்கள். மேனேஜர்கூட ஒன்று கொண்டு வந்தார்.

காலையில் சினிமாப் பாட்டு ஓடியது. மத்தியானம் சாமிப் பாட்டு ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்த செல்வி அக்கா வைக்கோலில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கை ஓடவில்லை. கடைசியில் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “அந்த மோட்டார்காரன எங்கடி வச்ச? எடுத்துப் போடு, பெட்டி நிறைய மாட்டேங்குது.”

அந்தப் பாட்டில் ஒரு வார்த்தைகூட இன்றுவரை எனக்குப் புரியவில்லை, ஆனால் அதில் கீறல் இல்லை என்று எந்தக் காலேஜுக்காரர் முன்னாலும் தட்டிச் சொல்வேன்.