பாதி டாக்டர்

அம்மா ஒரு கண் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். வருகிறவரை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச்சுவரில் தொங்கும் பலகையைப் படிக்கவைப்பது அவள் வேலை. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவாள். அங்கே எல்லோருக்கும் அவள் ‘பாதி டாக்டர்’. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அண்ணன் பைலட் ஆக வேண்டும் என்றான். அப்பா விட்டுப்போன வீட்டை விற்க அம்மா துணிந்தாள். ஆனால் பயிற்சியில் சேர மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். எதற்கும் முதலில் நாமே பார்த்துவிடலாம் என்று ஒரு விடுமுறை நாளில் மருத்துவமனையைத் திறந்து அவனை உட்காரவைத்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிவரை கடகடவென்று படித்தான். வலது கண்ணை மூடியதும் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டான்.

“விளையாடாதடா.”

“நெஜமாவே தெரியலம்மா.”

இத்தனை வருடமும் ஒரு கண்தான் இரண்டுக்கும் சேர்த்து உழைத்திருக்கிறது. அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள்.

“எல்லா இடத்துலயும் இதே பலகைதான்டா. சொல்லு.”

வாய்ப்பாடு போல அவனை உருப்போடவைத்தாள். தலைகீழாகவும் சொல்லச் சொன்னாள். பரிசோதனையில் தேறினான். வீடு கைமாறியது. நாங்கள் ஒற்றை அறைக்குக் குடிபோனோம்.

பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனிக் கட்டணம். பயிற்சியாளர் உடன் இல்லாமல் தனியாகப் பறந்து இறங்கினால்தான் மேற்கொண்டு பாடம். கூடச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகத் தனியே பறந்துவிட்டு வந்து அங்கே வழக்கமான கொண்டாட்டமாகத் தலையில் வாளித் தண்ணீர் வாங்கினார்கள். அண்ணனுக்கு மட்டும், ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, ஓடுதளம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது பிடிபடவே இல்லை. விமானம் தரையில் மோதி மோதி எழும்பியது.

“கேப்டன், இப்ப நீ எறங்கினது ஒரு தடவையா, மூணு தடவையா?” என்று சிரித்தார்களாம்.

“இன்னும் அஞ்சு மணி நேரம் ஓட்டிப் பாருப்பா, கை பழகிடும்” என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா பணம் கட்டிக்கொண்டே இருந்தாள்.

மறு வருடப் பரிசோதனையில் பலகை இல்லை. அதே இடத்தில் ஒரு திரை. பொத்தானை அமுக்கினால் எழுத்துகள் மாறும். அண்ணன் பழைய வரியையே ஒப்பித்தான். அதோடு தீர்ந்தது.

ஏதாவது வழி இருக்காதா என்று அம்மா அவனைத் தன் டாக்டரிடமே கூட்டிப்போனாள்.

“அஞ்சாறு வயசுல கண்டுபிடிச்சிருந்தா, நல்ல கண்ணை மறைச்சுக் கட்டியே சரி பண்ணியிருக்கலாமேம்மா” என்றார் அவர். “தினம் ஊருக்கெல்லாம் பலகை காட்டறே. பெத்த பிள்ளைக்கு ஒரு நாள் காட்டலியா?”

வெளியே காத்திருந்தவர்கள் முன்னிலையில் அண்ணன் வெடித்தான்.

“ஊர்க் கண்ணையெல்லாம் பாத்தியே, என் கண்ணு மேல உனக்கு என்ன கோவம்?”

“டேய், எல்லாரும் இருக்காங்கடா.”

“இருக்கட்டும். இவங்களையும் மனப்பாடம் பண்ண வை.”

அவன் போன பிறகு அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அண்ணன் தொலைவான ஊரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். என்னோடு மட்டும் பேசுவான். அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் போனை வைத்துவிடுவான். நான்கு வருடம் அப்படியே போயிற்று.

சென்ற மாதம் அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அவனைக் கூப்பிட்டேன்.

“உடனே கெளம்புண்ணா. பிளைட்ல ரெண்டு மணி நேரம்தானே.”

“பஸ்ல வரேன்.”

“பஸ்ல ஒரு நாள் ஆகும்ணா. தாங்கமாட்டாங்க.”

“தரையில விட்டது அவங்கதானே? தரையிலயே வரேன்.”

அம்மா காதில் விழட்டும் என்று போனின் ஸ்பீக்கரை நான்தான் போட்டிருந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே, “மெதுவா வரட்டும்” என்றாள்.

அண்ணன் வந்து சேர்ந்தபோது அம்மாவை எடுத்தாகி, நாங்கள் அறையைக் கழுவிவிட்டிருந்தோம்.