செவ்வாய்க்கிழமை வெளியே போகாத புல்லர்

எழுபதுகளின் தொடக்கம். தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் நடந்த கதை இது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக இறங்கவில்லை. எழுத உட்கார்ந்தால் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. வயதாகிவிட்டதால்தான் என்கிறார் என் வீட்டுக்காரர். வயதாம்! அவருக்கு எல்லாமே வயதுதான்.

எங்களிடம் ஒரு கார் இருந்தது. தறி நெய்கிற வீட்டில் கார் ஏது என்று கேட்பீர்கள். ஒரு ஜமீன் வீட்டு ஏலத்தில் என் மாமனார் எடுத்தது. வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ் கார். மேலே கூரை கிடையாது, பின்பக்கம் மடித்து வைத்த கித்தான் மட்டும்தான். மாப்பிள்ளை அழைப்புக்கென்றே பிறந்த வண்டி. ஊரில் அப்படித் திறந்த கார் அது ஒன்றுதான். மற்ற நாளில் தறியில் உட்காரும் என் வீட்டுக்காரர், முகூர்த்த நாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பார். வண்டியைப் பேசி விடுவது, பூக்காரருக்குச் சொல்வது, சண்டை வந்தால் சண்டை போடுவது எல்லாம் நான்.

அந்த வண்டி நின்றால் மட்டும் எங்கள் பாடு திண்டாட்டம். அதன் நட்டுகளுக்கு இந்த ஊர் ஸ்பேனர் ஒன்றும் சேராது. எங்களை மாதிரியே பழைய இங்கிலீஷ் கார் வைத்திருந்தவர்கள் ஊரில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ஒரு பட்டுக்கடை முதலாளி, ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு ரைஸ் மில்காரர். ஐந்து வண்டிக்கும் ஒரே மெக்கானிக்தான், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் பஸ் ஏறி மெட்ராஸ் போய், யாரிடமாவது கெஞ்சிக் கருவியை வாங்கி வந்து, வேலை முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார். அதுவரை வண்டி கல்லு மாதிரி நிற்கும்.

ஐந்து பேரும் பங்கு போட்டு இந்தக் கருவிகளைப் பொதுவில் வாங்கி வைத்தால் என்ன என்று முதலில் கேட்டது நான்தான். டாக்டர் சிரித்தார். மில்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னாபா, வீட்டம்மா மெக்கானிக் கடை வெக்கப் போறாங்களா?" என்றார். நான் சொன்னதையே பத்து நாள் கழித்து வக்கீல் தன் வாயால் சொன்னார். ஆகா, அருமையான யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரியம் நடந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

பாய் மெட்ராஸில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார். எங்கள் வண்டிகளுக்கென்றே அளவெடுத்த ஸ்பேனர்கள், வால்வைக் கழற்றும் கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு புல்லர். மூன்று கால் நண்டு மாதிரி இருக்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு நடுவில் குடம் இருக்கிற மாதிரி காருக்கு ஹப். அது அச்சில் இறுகிப் போனால் புல்லர்தான் இழுத்துக் கழற்றும். எல்லாவற்றையும் ஒரு பச்சைத் தகரப் பெட்டியில் போட்டோம்.

பெட்டி எங்கே இருப்பது என்று பேச்சு வந்தது. பாயின் பட்டறையில் இருக்கட்டும், வேலை செய்கிறவர் அவர்தானே என்றேன். பட்டுக்கடை முதலாளி கேட்கவே இல்லை. பட்டறைக்குக் கதவு சரியில்லை, தன் வீடு புது பங்களா, கேட்டும் காம்பவுண்டும் இருக்கிறது, அங்கேதான் பத்திரம் என்றார். மற்ற மூவரும் அவர் சொன்னால் சரி. பெட்டி அவர் வீட்டு உள் அறைக்குப் போனது. சாவி அவர் இடுப்புக்குப் போனது.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். எங்கள் அடுத்த வீட்டிலும் தறிதான். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு இடம் நிச்சயமாகித் தட்டிப் போயிருந்தது. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது! ஊர் வாய் சும்மா இருக்குமா? இரண்டாவதாக வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஓர் இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை நல்ல பையன். அவனுடைய தாய்மாமன்தான் ஓர் ஆட்டம் ஆடினார். திறந்த காரில் மாப்பிள்ளை அழைப்பு நடந்தால்தான் மேற்கொண்டு பேச்சு, கௌரவக் குறைச்சல் என்றால் அப்படியே திரும்பிப் போய்விடுவோம் என்று சபையில் சொன்னார். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து, "வண்டி என் பொறுப்பு" என்றேன். அந்தப் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று புதன்கிழமை காலையில் முகூர்த்தம் வைத்தார்கள். செவ்வாய் சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து அழைப்பு. செவ்வாய் காலையில் என் வீட்டுக்காரர் வண்டியைக் கழுவித் துடைத்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தார். தெரு முனையில் பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை.

பாய் வந்து பார்த்தார். அச்சையும் ஹப்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சின்ன இரும்பு ஆப்பு வெட்டுப்பட்டுவிட்டது. வேறொன்றை அராவிப் போட்டுவிடலாம், அதற்கு ஹப்பைக் கழற்ற வேண்டும். "புல்லர் இருந்தா சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவேன் தங்கச்சி. சுத்தியால அடிச்சா அச்சு வளைஞ்சிடும். அப்புறம் சீமையில இருந்துதான் வரணும்" என்றார். இதற்குத்தானே பெட்டி என்று நான் நிம்மதியாகவே முதலாளி வீட்டுக்கு நடந்தேன்.

முதலாளி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையை உதறிக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கு செவ்வாக்கிழமைமா. செவ்வா, வெள்ளி வீட்டுல இருந்து ஒரு பொருளும் வெளிய போவக்கூடாது. அதுவும் இரும்பு. மகாலட்சுமி போயிடுவா. நாளைக்குக் காலையில வா."

நாளைக்குக் காலையில் தாலி! அதைச் சொன்னேன். பெண்ணுடைய நிலைமையைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டும் கேட்டேன். தனக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் ரொம்ப ஆச்சாரம், மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று உள்பக்கம் கையைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை உங்கள் கடையிலிருந்து பட்டுப்புடவை மட்டும் வெளியே போகலாமா என்று கேட்டேன். கடை வேறு, வீடு வேறு என்றார். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் செவ்வாய், வெள்ளி என்றால் உப்பு, ஊசி கொடுக்க மாட்டோம்தான். ஆனால் அது எங்கள் வீட்டு உப்பு. அந்தப் புல்லர் அவர் வீட்டுச் சொத்தா? அதில் என் பங்கும் இருக்கிறதே!

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல, விடு, வேறு வழி பார்க்கலாம் என்றார். எந்த வழி? மெட்ராஸில் திறந்த கார் எல்லாம் முகூர்த்தத்துக்கு எப்போதோ போய்விட்டது. பாய் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். என்ன என்று அதட்டிக் கேட்டேன். "சொல்லக்கூடாதுதான். போன வெள்ளிக்கிழமை டாக்டர் வண்டிக்கு அதே புல்லரை முதலாளியே பின்வாசல் வழியா எடுத்துக் குடுத்தாரு" என்றார்.

எனக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. டாக்டருக்கு வெள்ளிக்கிழமை கிடையாது, நெசவுக்காரிக்கு மட்டும் செவ்வாய்க்கிழமையா?

அப்போதுதான் தோன்றியது. வெளியே போகக்கூடாது என்பதுதானே சட்டம்? உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! ஆப்பு உடைந்த வண்டி தானாக ஓடாதே தவிர, தள்ளினால் உருளும். தெருவில் குரல் கொடுத்தேன். தறிக்குழியிலிருந்து ஆண்களெல்லாம் எழுந்து வந்தார்கள். பெண்ணின் அப்பாவும் வந்து தோள் கொடுத்தார். நாலு தெரு தாண்டித் தள்ளிக்கொண்டு போய், திறந்திருந்த கேட் வழியாக, வாசல் கோலத்தை மிதித்துக்கொண்டு, வண்டியை முதலாளி வீட்டு போர்டிகோவில் நிறுத்தினோம்.

கடைக்குக் கிளம்பிய முதலாளி செருப்புக் காலோடு அப்படியே நின்றார். நான் சொன்னேன்: "உங்க வீட்டுல இருந்து ஒரு துரும்பு வெளிய போவ வேணாம் முதலாளி. வண்டியை உள்ள கொண்டாந்துட்டோம். புல்லரு இங்கியே இருந்துக்கினு வேலை செய்யட்டும்."

இது வீடா பட்டறையா என்று கத்தினார். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மறுபடியும் அதே பாட்டு. அப்போது அவர் மனைவியே நிலைப்படிக்கு வந்துவிட்டார். ஊரே மரியாதை வைத்திருந்த அம்மாள். அதிகம் பேச மாட்டார். "யாரு ஒத்துக்க மாட்டாங்க? என்னை யாரு கேட்டா?" என்றார்.

எனக்கு வாய் நிற்குமா? "போன வெள்ளிக்கிழமை இதே புல்லரு டாக்டர் வண்டிக்குப் போச்சே அக்கா, அன்னிக்கு மகாலட்சுமி ஊர்ல இல்லியா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தம்மாள் கணவனைத் திரும்பிப் பார்த்தார். அவர் தூணைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பின்வாசல் வழியாகப் போனது அந்தம்மாளுக்குத் தெரியவே தெரியாது. தன் ஆச்சாரத்தைச் சொல்லி ஒருத்திக்கு இல்லை என்றதும் தெரியாது. கையை நீட்டினார். "சாவியக் குடுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. முதலாளி இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஹப் லேசில் வரவில்லை. பாய் புல்லரை மாட்டி முறுக்குகிறார், முறுக்குகிறார், அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி முறுக்கினார். பகல் சாப்பாட்டு நேரம் போயிற்று. அந்தம்மாள் உள்ளேயிருந்து எல்லோருக்கும் மோர் கொடுத்தனுப்பினார். பொழுது சாயும் நேரத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரி 'படார்' என்று ஒரு சத்தம். ஹப் கழன்றுவிட்டது. அராவி வைத்திருந்த புது ஆப்பைப் போட்டு, சக்கரத்தை மாட்டி, எஞ்சினைக் கிளப்பினால் வண்டி நகர்கிறது! பூக்காரர் அங்கேயே வந்து மாலைகளைக் கட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து முதலாளி கடையிலிருந்து திரும்பினார். உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்தார். கேட்டைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார். "விளக்கு வெச்சாச்சு. செவ்வாக்கிழமை வீட்டுக்குள்ள வந்த பொருள் விளக்கு வெச்சப்புறம் வெளிய போனா குடும்பத்துக்கு ஆவாது. காலையில எடுத்துக்கினு போங்க" என்றார்.

நான் நம்பவே இல்லை. ஒரு மனுஷன் இப்படியும் இருப்பாரா? பிள்ளையார் கோயிலில் மேளக்காரர்கள் வந்து காத்திருக்கிறார்கள். தாய்மாமன் ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார், வண்டி எங்கே என்று. பெண்ணின் அப்பா கேட்டருகிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் கூட, அந்தச் சாதுவான மனிதர் கூட, வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

அந்தம்மாள் உள்ளே போனார். திரும்பி வரும்போது தலையில் பூ, கையில் தேங்காய் பழத் தட்டு. நேராக வந்து வண்டியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"என்னைத்தானே இந்த வீட்டு மகாலட்சுமின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கீங்க? நானே கோயிலுக்குக் கிளம்பிட்டேன். இனிமே எது வெளிய போனா இன்னா? கேட்டைத் தெறங்க."

முதலாளி திறந்தார். வேறு என்ன செய்வார்?

நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையார் கோயிலில் இறங்கும்போது அந்தம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினார். மாப்பிள்ளை ஏறினான். தாய்மாமன் வண்டியைச் சுற்றி வந்து குறை தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை நல்லபடியாகத் தாலி ஏறியது. அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள்.

கல்யாணச் சாப்பாடு முடிந்து வந்தால், பாய் பட்டறையில் அந்தப் பச்சைப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. புதன்கிழமை விடிந்ததும் அந்தம்மாளே ரிக்‌ஷாவில் ஏற்றி, சாவியோடு அனுப்பிவிட்டாராம். அதற்குப் பிறகு யார் வண்டிக்கும் கிழமை பார்க்க வேண்டியிருக்கவில்லை.

முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் போகட்டும். எந்தச் சபையிலும், ஒரு ஏழைப் பெண்ணின் கல்யாணம் நிற்காமல் இருக்கத் தன் பங்களாவையே பட்டறையாக்கிக் கொடுத்ததாகச் சொல்லுவார். டாக்டரும் வக்கீலும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார்கள். டாக்டருக்குத் தெரியாதா அந்த வெள்ளிக்கிழமை? நான் எழுந்து சொல்லப் போனால், பழசை ஏன் கிளறுகிறாய் என்பார்கள்.

கிளறத்தான் செய்வேன். காரும் போய்விட்டது, முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனாலும் எங்கள் தெருவில் யாராவது நாலு பேர் கூடி, 'பொதுவில் ஒன்று வாங்கி வைப்போம்' என்று ஆரம்பித்தால், விலையை அவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டு நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: சாவி யார் இடுப்பில் இருக்கப் போகிறது?