மரிசோல் கக்கிய பால்

ஒரூரோ நகரத்துத் திருவிழா வாத்தியக் குழுவில் டிராம்போன் என்னும் நீண்ட பித்தளைக் குழல் ஊதுகிறவர் சத்தூர்நினோ. எத்தனை பெரிய கூட்டத்திலும் தாளம் தப்பாத மனிதர், கைப்பிள்ளை விஷயத்தில் திணறிப்போனார். மகள் மரிசோல் குடித்த பாலைக் கக்கிக்கொண்டே இருந்தாள். தோளில் கக்கினாள், மடியில் கக்கினாள், தேய்த்து மாட்டிய வெள்ளைச் சீருடையிலும் கக்கினாள். கக்கிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவரை இன்னும் குழப்பியது.

"வயிறு நோவுதுன்னா அழணும்ல? இது ஏன் சிரிக்குது?"

"என்னைக் கேட்டா? இதுக்கு முன்னால நாலு பெத்தவளா நான்?" என்றாள் மனைவி நியேவெஸ்.

அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரி இலாரியா வந்து பார்த்தாள். "பிள்ளையைச் சுத்துன கட்டு தளர்ந்து கெடக்கு தம்பி. குடல் அசையுது, பால் மேல வருது" என்று கம்பளி நாடாவால் குழந்தையை மார்பிலிருந்து கால்வரை இறுக்கிச் சுற்றினாள். கக்கல் கூடியது. மருந்துக்கடைக்காரர் சோம்புத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குழுவில் பெரிய முரசு அடிக்கும் போர்த்துனாத்தோ, "கவுத்துப் போட்டுத் தூங்க வைப்பா" என்றான். ஒருவர் சொன்னதைச் செய்தால் அடுத்தவருக்கு முகம் சுருங்கியது. பிள்ளை வயிற்றில் ஒரு சொட்டும் தங்கவில்லையோ என்று சத்தூர்நினோவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் கணவனும் மனைவியுமாகப் பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனார்கள். நர்ஸ் பெத்சபே எடை பார்த்தாள்.

"நல்லா ஏறியிருக்காளே."

"எப்படி சிஸ்டர்? குடிச்சது பூரா என் சட்டையிலதான இருக்கு?"

அவள் ஒரு கரண்டி தண்ணீரை அவர் சட்டைக் கையில் ஊற்றினாள். அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. "ஒரு கரண்டிதான். பாக்க எவ்வளவு இருக்கு பாருங்க. வயித்து வாய் இன்னும் சரியா மூடப் பழகல, அவ்வளவுதான். சரி, பால் குடிச்சதும் என்ன செய்வீங்க?"

"முட்டியில ஒக்கார வச்சு, எங்க மெட்டுக்குக் குதிக்க வைப்பேன். அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

நியேவெஸ் சிரிப்பை மறைக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் நாடாவை அவிழ்த்தாள். "வயித்தை இறுக்காதீங்க. சோம்புத் தண்ணி வேணாம். பாலைக் கொஞ்சங்கொஞ்சமா குடுங்க, நடுவுல ஏப்பம் விட வைங்க. குடிச்சதும் குலுக்காம கொஞ்ச நேரம் நிமித்திப் பிடிங்க. தூங்க வைக்கிறது மல்லாக்கத்தான், தலையணை கூடாது."

"மல்லாக்கப் போட்டா புரையேறாதா?"

"அதுதான் பத்திரம். பச்சையாவோ ரத்தமாவோ கக்கினா, பீய்ச்சியடிச்சா, பால் வேணாம்னா, மூத்திரம் கொறைஞ்சா, எடை ஏறலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

"மருந்து?"

"தேவையில்ல."

மருந்து கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மருந்தில்லாத நோயை எப்படி நம்புவது என்று தெரியாமல் அவர் வீடு திரும்பினார். இலாரியா மறுபடி இறுக்கிக் கட்ட, நியேவெஸ் அவள் போனதும் தளர்த்திவிட்டாள். சத்தூர்நினோ பால் குடித்த மகளைத் தோளில் சாய்த்து, மெட்டை வாய்க்குள்ளேயே முனகியபடி மெல்ல நடந்தார். சில நாள் கக்கல் குறைந்தது. குறைந்துவிட்டது என்று சொன்ன நாளில் கூடியது. மரிசோல் தானாக உட்காரத் தொடங்கிய பிறகு அது எப்போது நின்றதென்று இருவருமே கவனிக்கவில்லை.

"எதுல சரியாச்சு? நான் சொன்னதுலயா?" என்று ஒத்திகையில் போர்த்துனாத்தோ கேட்டான்.

"கவுத்துப் போடவே இல்லப்பா. நாடாவை அவுத்ததா, நிமித்திப் பிடிச்சதா, வயசா... சத்தியமா எனக்குத் தெரியல" என்றார் சத்தூர்நினோ.