பூசணிக்காய் நிறுத்திய சரக்கு ரயில்

பழனிசாமி ரயில் வாங்கிவிட்டார் என்று, கடல் கடந்து நாங்கள் குடியேறிய பாபடோயிட்டோயில் பேச்சு. சொன்னவர் மசாலாக் கடை திருநாவுக்கரசு. "ஓம், முழுப் பாதையையும் வாங்கிப்போட்டாராம். லொறிக்காரனுக்கு ஏன் இந்த வேலை எண்டு சனம் கதைக்குது" என்றபடி கறிவேப்பிலையைப் பையில் போட்டார். கறிவேப்பிலையைவிடச் செய்தி மலிவு. அதை மட்டும் எடுத்துக்கொண்டு விசாரிக்கப் பக்கத்து ஊரான மங்கரேக்குப் போனேன்.

பழனிசாமி நாமக்கல்காரர். ஒரே லாரி, முதலாளியும் அவர், டிரைவரும் அவர். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீயைக்கூட லாரியைச் சுற்றி நடந்துகொண்டே குடிப்பார். கேள்வியோடு நானும் பின்னால் சுற்றினேன்.

"நான் எங்கீங்க வாங்கினேன்? கவுன்சில் வாங்குச்சு. நான் கட்டற ரேட்ஸ்ல, அதாங்க வீட்டு வரியில, தண்டவாளத்துக்கு அடியில ஏதோ ஒரு கட்டை என்னுதா இருக்கும். எதுன்னுதான் தெரியல."

தெற்கே வெங்காயக் கிடங்குகளுக்குப் போகும் ஒரு சின்ன ரயில் பாதை பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சொந்தக்காரக் கம்பெனி அதைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்கப் பார்த்தது. பொதுப் பணத்தில் வாங்கி மறுபடி சரக்கு ரயில் விடலாமா என்று கவுன்சில் கூட்டம் போட்டுக் கேட்டது. வந்திருந்த லாரிக்காரர்கள் எல்லோரும் கூடாது என்றார்கள். எழுந்து நின்று "வாங்குங்க" என்றவர் பழனிசாமி ஒருவர்தான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. துறைமுகம் போகும் மோட்டார்வே நெரிசலில் லாரி மணிக்கணக்கில் நிற்கும். இவரால் நிற்க முடியாது. பேப்பர்காரர்கள்தான் அதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைத்தார்கள். "வீட்டுல குப்பையப் பிரிச்சுப் போடச் சொன்னா இவருக்குக் காதே கேக்காதுங்க" என்றார் அவர் மனைவி பாக்யலட்சுமி.

பாதையைக் கவுன்சில் வாங்கியது. வெங்காயக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. முதல் ரயில் கப்பலைப் பிடித்தால், கிடங்கிலிருந்து ரயிலடிக்குச் சரக்கு கொண்டுவரும் வேலை பழனிசாமிக்கு. பிடிக்காவிட்டால் எல்லாம் பழையபடி சாலையில், அதுவும் பெரிய லாரிக் கம்பெனி ஒன்றின் கையில். அப்போது இவர் லாரியை விற்க வேண்டியதுதான்.

இப்படியொரு நாளில் நாமக்கல்காரர் சும்மா இருப்பாரா? வண்டி கிளம்புமுன் சக்கரத்தடியில் எலுமிச்சை, திருஷ்டிக்குப் பூசணி. வெள்ளைப் பூசணி கிடைக்காததால் தோல் மட்டும் சாம்பல் நிறமாக இருக்கும் இந்த ஊர் மஞ்சள் பூசணியைக் குடைந்து, குங்குமம் கரைத்து ஊற்றி, ரயில்வே கிராஸிங்கில் ஓங்கி உடைத்தார். உடைத்த கையோடு எஞ்சின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை வைக்கப் போய்விட்டார்.

பாதையைச் சரிபார்க்க வந்த ஆரஞ்சு அங்கிப் பெண்மணி கண்டது தண்டவாளம் முழுக்கச் சிவப்பு, நடுவே சதைபோலத் துண்டுகள். யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார். ரயில் கிளம்பவில்லை. புதரெல்லாம் காயம்பட்டவரைத் தேடினார்கள்.

பழனிசாமி "பம்ப்கின், பம்ப்கின்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். நிரூபிப்பதற்காக ஒரு துண்டை எடுத்துக் கடித்தும் காட்டினார். குங்குமம் வழியும் வாயோடு சிரிக்கும் மனிதரை எந்த நாட்டில் நம்புவார்கள்? பாதை முழுவதையும் நடந்து பார்த்த பிறகுதான் பச்சைக் கொடி. ரயில் ரொம்பத் தாமதம்.

ஆனால் அன்று துறைமுகத்தில் பலத்த காற்று. கப்பலே கரைக்கு வர முடியாமல் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. வெங்காயம் ஏறிவிட்டது. வேலையும் கிடைத்தது, இந்த சீசனுக்கு மட்டும். அப்புறம் பார்க்கலாம் என்றது கம்பெனி.

"திருஷ்டி கழிஞ்சுதுங்க. அதான் கப்பல் நின்னுச்சு."

"ரயில் நின்னதும் அதே பூசணியாலதானுங்க" என்றார் பாக்யலட்சுமி.

பழனிசாமிக்கு அது காதில் விழவில்லை. அவர் கவலை வேறு. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சைகளை ரயில் கிளம்புமுன்பே அந்தப் பெண்மணி பொறுக்கியெடுத்து, குங்குமம் கழுவாத கையோடு இவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி பாதைப்பக்கம் பழம் எதுவும் கொண்டுவரக்கூடாது என்று உத்தரவு. ஒன்றுகூட நசுங்கவில்லை. ரயில் சக்கரத்தில் எலுமிச்சை பலி கொடுப்பதாக மாரியாத்தாவிடம் வேண்டிக்கொண்டது அப்படியே பாக்கி.

"கொடுத்துருவேனுங்க. சீசன் முடியறதுக்குள்ள எப்படியாச்சும்."

லாரிக்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் அந்த எலுமிச்சைகள் தோல் சுருங்கிக் கிடந்தன. அவர் மறுபடி சுற்றக் கிளம்பினார்.