மடக்கிய விரல்

திண்டிவனத்தில் எங்கள் மொட்டைமாடியில் ராட்சதப் பூசணி விதை போட்டிருந்தேன். உதிர்ந்தது போக ஒரே ஒரு பிஞ்சு தங்கியிருந்தது. "அப்பா, அதோ!" என்று மகள் விரலை நீட்டினாள். என்னையறியாமல் அந்த விரலைப் பிடித்து மடக்கினேன்.

என் சின்ன வயதில், காணை கிராமத்தில் எங்கள் வீட்டுக் கூரை முழுக்கப் பூசணிக் கொடி. இலையை உரசினாலே கையெல்லாம் பச்சை வாசனை வீசும். ஒருநாள் அத்தை பிஞ்சைச் சுட்டிக் காட்டியதும் அம்மா பதறிவிட்டாள்.

"வெரல மடக்கிக் காட்டுங்க அண்ணி, பிஞ்சு அழுவிப் பூடும்!"

அத்தை விரலை மடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் காயை இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தபோது, "நான் வெரல மடக்குனதாலதான் இம்மாம் பெருசு" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

இதை மகளிடம் சொன்னேன். "மகரந்தம் சேரலன்னாதாம்ப்பா பிஞ்சு அழுவும்" என்று சிரித்தாள்.

மறுநாள் வீடியோ காலில் தோழிக்குப் பிஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தாள். விரல் மடங்கியிருந்தது.