அழுக்கு தெரிகிற நிறம்

மெஹபூப் அலி பாயைப் பொறுத்தவரை உலகத்தில் நிறங்கள் இரண்டே வகை. அழுக்கு தெரிகிறவை, தெரியாதவை. முதல் வகையை அவர் வீட்டு வாசல் மிதிக்க விட்டதில்லை.

ஜன்னல் திரை, சோபா உறை, ஸ்கூட்டர், பிள்ளை சைஃப் சின்னவனாக இருந்தபோது தூக்கிய பள்ளிக்கூடப் பை என்று எல்லாமே பிஸ்கட்டில் ஆரம்பித்துக் காப்பிப் பொடியில் முடியும். பெருநாளைக்கு மனைவிக்கு எடுத்து வருகிற துணியும் அதே குடும்பம்தான். கஞ்சர் என்று சொல்லிவிட முடியாது, நல்ல விலையில்தான் எடுப்பார். ஆனால் கடைக்காரரிடம் முதல் கேள்வியே, "அழுக்கு தெரியாதுல்ல?" என்பதுதான்.

வேடிக்கை என்னவென்றால் அவர் மனைவி குல்ஷன் அக்கா ப்ளவுஸ் தைக்கிறவர். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் சந்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் துணிகள் அவர் மடியில்தான் வந்து விழும். மயில்கழுத்துக்கு எந்த நூல், அரக்குக்கு எந்த லைனிங் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். ஊருக்கெல்லாம் அத்தனை நிறம், தனக்கு பிஸ்கட். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "விடு ரஞ்சனி, அவரு மனசு நல்ல மனசு" என்பார் அக்கா.

நான் எதிர் வீட்டு மாடி. கணக்கு டியூஷன் எடுக்கிறேன். என் ஜன்னலைத் திறந்தால் தெரிவது அவர்கள் வீட்டு முன்சுவர். வானம் பார்க்க வேண்டுமானால் கழுத்தைச் சாய்க்க வேண்டும்.

போன வருஷம் நோன்பு தொடங்குமுன் அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க முடிவானது. பெயிண்டர் சர்தார் ஷேட் கார்டை விரித்தார். பாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போன தபா அடிச்ச பிஸ்கட்டையே அடிச்சிடு."

எதற்கும் "சரிங்க" என்று தலையாட்டுகிற அக்கா அன்று கார்டின் மேல் விரலை வைத்தார். "எனக்கு இந்தத் தாமரைக் கலர் வேணும்."

பாய் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"புகை, புழுதி, மழை பேஞ்சா ஆட்டோக்காரன் அடிச்சிட்டுப் போற சேறு. ஒரு மாசம் தாங்குமா அது?" என்றார் பாய்.

"எமல்ஷன் பெயிண்ட் பாய், தொடச்சா போயிடும். ஆனா தொடைக்க ஆள் இருக்கா, அதைச் சொல்லு" என்றார் சர்தார்.

கடைசியில் சர்தார் இரண்டு நிறத்தையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் பட்டையாக அடித்துக் காட்டினார். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று தீர்ப்புச் சொன்னார்கள். பெங்களூரில் வேலையிலிருக்கும் சைஃப் வீடியோவில் வந்து சாம்பல் நிறம் என்றான். அவனை யாரும் சட்டை செய்யவில்லை. அக்கா மிஷினை அப்படியே விட்டுவிட்டு, வெயில் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் தெருவில் வந்து நின்று பார்த்தார். அந்த முகத்தில் ஓர் ஆசையை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தத் தாமரை சகிக்கவில்லை. பஞ்சுமிட்டாய்.

இனிமேல் தாமதித்தால் நோன்புக்குள் முடியாது என்று சர்தார் கையை விரித்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாக என் வீட்டுப் படியேறி வந்தார்கள்.

"டீச்சர், நாங்க உள்ள கெடக்குறோம். அந்தச் சுவத்த நாள் பூரா பாக்கப் போறது நீங்க. நீங்க சொல்றதுதான் முடிவு. இவளும் ஒத்துக்கிட்டா" என்றார் பாய். சாயம் போன பருத்திப் புடவை கட்டுகிற கணக்கு டீச்சர் வேறென்ன சொல்லிவிடுவாள் என்ற தெம்பு அவருக்கு.

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்து தயாராக நிற்பது எனக்கே தெரிந்தது.

"சீக்கிரம் அழுக்காயிடுமேக்கா?" என்றேன்.

"ஆகட்டுமே. பிஸ்கட்டு மட்டும் அழுக்காகலியா? கண்ணுக்குத் தெரியலன்னு அப்படியே வுட்டுட்டோம். தெரிஞ்சா தொடைப்போம்ல?" என்றவர் குரலை இறக்கிக்கொண்டார். "இத்தினி வருஷத்துல எனக்குன்னு ஒரு கலர் கேட்டிருப்பனா ரஞ்சனி?"

"தாமரைதான்" என்றேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கணக்கு டீச்சரா?" என்று கேட்டுவிட்டு, கலந்து வைத்த காப்பியைத் தொடாமல் இறங்கிப் போனார். படியில் அவர் போனில் கத்துவது மட்டும் கேட்டது. "சர்தாரு, தாமரையே அடி. மட்டமான சரக்கு வாங்கினே, தோலை உரிச்சிடுவேன்!"

இப்போது காலை வெயில் அந்தச் சுவரில் பட்டால் என் ஹால் முழுக்க ரோஸ் படர்கிறது. தட்டில் இட்லிகூட ரோஸ். ஒரு வாரம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் வெயில் வர நேரமானால் எனக்கே என்னவோ போல் ஆகிவிடும்.

தன் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் தன் சுவர் தெரியாதே. அதனால் கொக்கி தைக்கிற வேலையை எடுத்துக்கொண்டு காலையில் அக்கா என் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

முதல் கோடை மழை பெய்து ஓய்ந்த காலையிலும் அப்படித்தான் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஓர் ஆட்டோ தேங்கின தண்ணீரில் விழுந்து எழுந்து போனது. இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுக்கச் சேறு. அக்காவின் கையில் ஊசி நின்றுவிட்டது.

பாய் கே.கே. நகரில் இருக்கிற தன் பேட்டரிக் கடைக்குக் கிளம்பி வெளியே வந்தார். சுவரைப் பார்த்தார். தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். போச்சு, சாயங்காலம் அக்காவுக்கு அர்ச்சனைதான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் பக்கெட், தோளில் பழைய துணி. குந்தி உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். வாழ்நாளில் துணி பிழிந்து பழக்கமில்லாத கை. துடைக்கத் துடைக்கச் சேறு இன்னும் அகலமாகப் பரவியது.

"ஐயோ, இழுத்துப் பூசறாரேக்கா! நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று எழுந்தேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். கண் நிறைந்திருந்தது.

"சும்மா இரு ரஞ்சனி. எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும்."